போட்டோஷாப்புக்குப் பதில் எது?

கேள்வி: கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு வடிவமைக்கிறேன். போட்டோஷாப், கோரல்டிராவுக்குப் பணம் கட்ட முடியவில்லை. இலவசமாக எதை நம்பலாம்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள், அங்கேதான் பலரும் சலித்துப்போய் பழையதற்கே திரும்புகிறார்கள். போட்டோ திருத்த கிம்ப் என்ற இலவச மென்பொருள். 1996-லிருந்து இருக்கிறது, 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம், முன்பு அது பெரிய குறை. போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பும் திறக்கும், ஆனால் எழுத்து லேயர் படமாகிவிடலாம், அப்புறம் எழுத்தைத் திருத்த முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகோ, பார்டர், கோலம் மாதிரி கோட்டு வேலைக்கு இங்க்ஸ்கேப். உங்கள் தொழிலுக்கு இதைத்தான் முதலில் கற்கச் சொல்வேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

அப்புறம் அச்சு. திரையில் தெரிவது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), ஆஃப்செட் அச்சுக்கு வேண்டியது சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை). அதனால் கடைசியில் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கத்தை அமைத்து, சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுத்து அச்சகத்துக்குக் கொடுங்கள், இல்லையென்றால் பட்டுப்புடவைச் சிவப்பு மங்கிப்போய் வரலாம், திட்டு உங்களுக்கு. தமிழுக்கு யூனிகோட் எழுத்துருவே வையுங்கள். முதலில் ஒரே ஒரு கார்டு அடித்துப் பாருங்கள்.