டிசைன் படிக்க நினைக்கும் மகளுக்கு முதலில் ஒரு அடிபம்பைக் காட்டுங்கள்

அம்மா, வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் இன்டஸ்ட்ரியல் டிசைன்தான், அதாவது அன்றாடப் பொருட்களை வடிவமைக்கும் படிப்புதான், படிப்பேன் என்கிறாள், வீட்டில் இன்ஜினியரிங் போதும் என்கிறார்கள், நடுவில் நீங்கள் தவிக்கிறீர்கள். கோச்சிங் சென்டரில் பெரிய தொகை கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்போது கட்ட வேண்டாம். இந்த நாட்டில் உருவான நல்ல பொருட்கள் சிலவற்றை, அவற்றைச் செய்தவர்களின் கதையோடு அவள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவள் என்ன கேட்கிறாள் என்பதை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

"நன்றாக வரைவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, அது உதவும். ஆனால் இந்தத் தொழிலில் வரைவது கடைசியில் வருகிற வேலை. ஒரு பொருளை யார் கையில் எடுக்கப்போகிறார், எங்கே வைத்து, எவ்வளவு களைப்போடு, எத்தனை பேர் கூடிப் பயன்படுத்துவார்கள், கெட்டுப்போனால் யார் சரிசெய்வார் என்பதெல்லாம் முதலில் தெரிந்தாக வேண்டும். அது புரிந்த பிறகுதான் பென்சிலுக்கு வேலை.

உங்கள் தெருவிலோ அம்மா வீட்டு ஊரிலோ பழைய அடிபம்பு ஒன்று இருக்கும். தண்ணீர் வராவிட்டாலும் பரவாயில்லை, அவளை அங்கே கூட்டிப் போங்கள். அது பெரும்பாலும் இந்தியா மார்க் 2 வகையாக இருக்கும். 1960-களின் பிற்பகுதியில் கடும் வறட்சி வந்தபோது பாறைப்பாங்கான பகுதிகளில் ஏராளமான ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். அவற்றின்மேல் பொருத்தியது வெளிநாட்டு வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல். அங்கே ஒரு குடும்பம் தன் வீட்டுக்கென்று வைத்துக்கொள்ளும் பம்பு அது. அதை இங்கே ஒரு ஊரே விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அடித்தது. 1970-களின் நடுவில் பார்த்தபோது பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. மகாராஷ்டிரத்தில் மிஷனரிகள் உருவாக்கியிருந்த சோலாப்பூர் பம்பை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, யுனிசெஃப், சென்னையிலிருந்த அரசு நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ், சென்னையிலேயே இருந்த மெராடோ ஆய்வு மையம் மூன்றும் சேர்ந்து புதிய பம்பு ஒன்றை உருவாக்கின. கோவைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி தொடங்கிவிட்டது.

பஞ்சாயத்து மெக்கானிக் யாராவது பழுது பார்க்க அதன் தலைப்பகுதியைத் திறக்கும்போது அவளை அருகில் நிற்க வையுங்கள். உள்ளே தடித்த செயின் ஒன்று தெரியும். கைப்பிடி வளைவாகப் போய் வருகிறது, ஆனால் கிணற்றுக்குள் தொங்கும் கம்பி நேராகத்தான் ஏறி இறங்க வேண்டும். இரண்டையும் நேரடியாக இணைத்தால் கம்பி பக்கவாட்டில் இழுபட்டுத் தேய்ந்துவிடும். அதனால் கைப்பிடியின் உள்முனையில் கால்வட்டத் துண்டு ஒன்றை வைத்து, அதன்மேல் செயின் படிந்து கம்பியை நேராகத் தூக்கும்படி செய்தார்கள். கைப்பிடி ஏன் அவ்வளவு கனமான இரும்பு? அந்தக் கனம்தான் உள்ளே தொங்கும் கம்பியின் எடையை ஈடுகட்டுகிறது, அதனால்தான் பத்து வயதுக் குழந்தையும் அடிக்க முடிகிறது. பம்பின் கால்கள் சிமென்ட் மேடைக்குள் பதிந்திருப்பதால் கீழே சிந்தும் அழுக்குத் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. சுமார் 50 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் எடுக்கும். வடிவமும் அளவுகளும் எல்லோருக்கும் திறந்திருந்ததால் பல பட்டறைகள் செய்தன, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது. அப்புறம் வந்த மார்க் 3-இல் குழாய் முழுவதையும் மேலே இழுக்காமல் பிஸ்டனை மட்டும் வெளியே எடுத்துப் பழுது பார்க்கலாம். ஊரில் இருப்பவர்களே செய்துகொள்ளட்டும் என்று யோசித்து வந்த மாற்றம் அது.

உலகத்தில் எந்த நாட்டு வடிவமைப்பு வரிசையிலும் பெருமையோடு வைக்கக்கூடிய பொருள் இது. ஆனால் நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? ஜெய்ப்பூர் காலுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பியல் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெளிநாட்டுச் செயற்கைக் காலுக்கு ஷூ வேண்டும், அதை மாட்டிக்கொண்டு சம்மணம் போட முடியாது, குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. நம் ஊரில் இவற்றைச் செய்யாமல் யார் வாழ்கிறார்கள்? அதனால் வல்கனைஸ் செய்த, அதாவது சூடாக்கி உறுதிப்படுத்திய, ரப்பரில், வெறுங்காலோடு நடக்கும்படியான பாதத்தைச் செய்தார்கள். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரையும் உங்கள் மகள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்தப் படிப்பே நம் நாட்டுக்குப் புதிது என்று வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. மத்திய அரசு அழைத்து, சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி 1958-இல் அறிக்கை கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்து வியந்த பொருட்களில் மிக அழகானதாக அவர்கள் சொன்னது நாம் தண்ணீருக்கு வைத்திருக்கும் சாதாரணச் செம்பு என்கிற பாத்திரத்தைத்தான். இடுப்பில் எப்படி உட்கார்கிறது, கழுத்தைப் பிடித்தால் எப்படி இருக்கிறது, ஊற்றும்போது என்ன ஆகிறது, நிறைந்தாலும் காலியானாலும் எடை எப்படி நிற்கிறது என்று வரிசையாகக் கேள்விகள் எழுப்பினார்கள். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. ஜெர்மனியில் உல்ம் நகரில் படித்துவிட்டு வந்த சுதாகர் நாட்கர்னி 1969-இல் மும்பை ஐ.ஐ.டி.யில் ஐ.டி.சி. என்கிற வடிவமைப்பு மையத்தைத் தொடங்கி வளர்த்தார். அங்கே ஏ.ஜி. ராவ், ரவி பூவையா இருவரும் செய்ததுதான் நாம் ஓட்டுப்போடும் இயந்திரத்தின் வடிவமைப்பு. அடுத்த தேர்தலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சின்னம், அதற்கு நேராக நீலப் பொத்தான், அழுத்தியதும் சிவப்பு விளக்கு, பீப் சத்தம். கரண்ட் இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும்.

சரி, இவளுக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு பயிற்சி சொல்கிறேன். காந்தியடிகளின் அகில பாரத நூற்போர் சங்கம் 1929-இல் நல்ல ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு பெண் அதிகம் சிரமப்படாமல் 8 மணி நேரம் நூற்க வேண்டும், 20 வருஷம் உழைக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். அதே மாதிரி நிபந்தனைகளை உங்கள் வீட்டு கிரைண்டருக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள். கோவையில் சபாபதி என்பவர் 1955-இல் உருவாக்கியதாகச் சொல்லப்படும் கிரைண்டர், இன்று டில்டிங், டேபிள் டாப் என்று மாறி, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. பாட்டி கல்லைத் தூக்கும்போது முதுகு எங்கே வளைகிறது, மாவு எந்த இடுக்கில் தங்குகிறது, கழுவ எத்தனை குடம் தண்ணீர் ஆகிறது என்று பக்கம் பக்கமாக அவள் எழுதிக்கொண்டு வந்தால் தயங்காமல் அனுப்புங்கள். அழகான கிரைண்டர் படம் ஒன்றை மட்டும் வரைந்துகொண்டு வந்தால் அவசரப்பட வேண்டாம். அனிமேஷனோ கிராஃபிக் டிசைனோ அவளுக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் சுருக்கமாக என்.ஐ.டி. என்றுதான் சொல்வார்கள், அதையும் திருச்சியில் இருக்கும் இன்ஜினியரிங் என்.ஐ.டி.யையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அகமதாபாத் நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு, இரண்டு கட்டம். ஐ.ஐ.டி.களில் பி.டெஸ் என்கிற டிசைன் இளநிலைப் பட்டம் படிக்க மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத் தேர்வு, அதில் கணினியில் ஒரு பகுதியும் கையால் எழுதி வரையும் ஒரு பகுதியும் உண்டு. அடுத்தடுத்த இரண்டு வருஷம் மட்டுமே எழுதலாம். எந்தப் பிரிவு மாணவர் என்ற விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆனால் உங்கள் மகள் கணிதம், இயற்பியல் படிப்பதால் கவலை இல்லை. கவனித்துப் பார்ப்பதையும் சமூகம், சூழல் பற்றிய அறிவையும் யூசீட் சோதிக்கிறது. அடிபம்பின் முன் செலவழித்த நேரம் அங்கே உதவும். கோச்சிங் வேண்டுமென்றால் பிளஸ் டூ தொடக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் முயற்சியில் கிடைக்காவிட்டால் வழி அடைபட்டுப் போகாது, இதை வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள். மெக்கானிக்கலோ ஆர்க்கிடெக்சரோ முடித்துவிட்டு சீட் (CEED) என்கிற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ் என்கிற டிசைன் முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். வண்டலூர் பக்கத்தில் இருக்கும் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். என்கிற மத்திய அரசுக் கல்வி நிறுவனத்திலேயே அந்தப் படிப்பு உண்டு. 2010-இல் ரூபாய்க்குக் குறியீடு உருவாக்கிய உதயகுமார் நம் கள்ளக்குறிச்சிக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டுத்தான் ஐ.டி.சி.க்குப் போனார், தமிழ் எழுத்து வடிவங்களில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

வேலையைப் பற்றி. வாகனங்கள், வாட்ச், வீட்டு உபயோகப் பொருட்கள், மருத்துவக் கருவிகள் செய்யும் எல்லா நிறுவனங்களுக்கும் ஆள் வேண்டும். ஓசூரில் உருவான டைட்டன் 2002-இல் வெளியிட்ட எட்ஜ் வாட்சின் மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர், அதற்குப் பின்னால் இன்ஜினியர்களும் வடிவமைப்பாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்த உழைப்பு இருக்கிறது. ஆனால் ஐ.டி. வேலை மாதிரி ஒரே நாளில் நூறு பேரை எடுக்கும் துறை அல்ல இது. அவள் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், முதல் இரண்டு மூன்று வருஷம் சம்பளம் நிதானமாகத்தான் ஏறும். அதனால் தனியார் கல்லூரிக்குப் பெரிய கடன் வாங்கும் முன் ஒர்க்ஷாப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மர வேலை, உலோக வேலை இயந்திரங்களில் மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கணினி அறையை மட்டும் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தவறவிட்டு இடத்தை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. பிரிவு என்றால் மாநில அரசின் சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், அதுவும் பெரும்பாலும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். அவள் பிளஸ் டூ வந்ததும், ஏப்ரலுக்குப் பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். யூசீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபரில் வரும்.