மெமரி ஃபோம், லேடெக்ஸ், ஹெச்ஆர் (ஹை ரெசிலியன்ஸ், அழுத்தினால் உடனே எழும்பும் ஃபோம்): இரண்டு பேர் படுக்க எந்த ஃபோம் மெத்தை வாங்கலாம்? பட்ஜெட் 20,000 ரூபாய்.

இரண்டு பேர் என்று எழுதியிருப்பதால் புதுக் கல்யாணம் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டில் சீர்வரிசையில் வந்திருக்கும், மெத்தை மட்டும் உங்கள் தலையில் விழுந்திருக்கும். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: ஃபோமின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், டென்சிட்டியை (அடர்த்தியை) கேட்டு வாங்குங்கள். கேட்டதோடு விடாமல் எடை போட்டும் பாருங்கள். இந்த இரண்டு வரியைக் கற்றுக்கொள்ள எனக்கு 17,500 ரூபாய் ஆயிற்று.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர் பக்கம். இலவம் பஞ்சுக்குப் பெயர் போன ஊர். அங்கே பிறந்தவன் மதுரையில் பிளாட் வாங்கியதும் ஆன்லைனில் மெமரி ஃபோம் மெத்தை ஆர்டர் போட்டேன். ஆள் உயரப் பெட்டியில் சுருட்டி வந்தது. பிளாஸ்டிக்கைக் கிழித்ததும் புஸ்ஸென்று உப்பியது. அப்பா அதை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, "ஊரே பஞ்சை மூட்டை மூட்டையா வெளியூருக்கு அனுப்புது, நீ பெட்டியில வந்த பன்னுல படுக்கப் போற" என்றார்.

இலவம் பஞ்சுக்கு எதுவும் ஈடாகாது என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கும் தெரியும். ஆனால் அது குட்டை இழை, நூலாகத் திரிக்கக்கூட வராது. படுக்கப் படுக்க நொறுங்கிக் கட்டி தட்டும். சில வருடத்துக்கு ஒரு முறை பிரித்து, அடித்து, மறுபடி தைக்க வேண்டும். எங்கள் தெருவில் மெத்தை தைக்கிறவர் குரல் கேட்டுப் பல வருடம் ஆகிறது. யாரை வைத்துத் தைப்பது?

சரி, மெமரி ஃபோம் கதைக்கு வருகிறேன். விளம்பரத்தில் நாசா என்று போட்டிருந்தது. பொய் இல்லை. 1966-ல் நாசாவுக்காகத்தான் அந்த ஃபோமை உருவாக்கினார்கள். ஆனால் யாரும் படுத்துத் தூங்க இல்லை, விமான இருக்கையில் அதிர்ச்சி தாங்க. உடம்புச் சூட்டுக்கு இளகி, ஆளின் வடிவத்துக்குக் குழிந்து கொடுக்கும். அதுதான் அதன் குணம், மதுரையில் அதுதான் அதன் வினையும். சித்திரை மாதம் இரவு 11 மணிக்குக் கரண்ட் போனால் மெத்தை முதுகை விடாமல் கவ்விக்கொள்ளும், சூடு வெளியே போக வழி இருக்காது. கொடைக்கானலில் இருக்கும் மச்சினன் நேர்மாறாகச் சொல்கிறார்: மார்கழியில் போய்ப் படுத்தால் கொஞ்ச நேரம் பலகை மாதிரி இருக்குமாம். இரண்டும் ஒரே காரணம்தான். இரவெல்லாம் ஏசி ஓடுகிற வீட்டில் அதில் சுகமாகத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சூட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 14 மாதத்தில் என் பக்கம் குழி விழுந்தது. நான் 92 கிலோ, வீட்டில் 58. அவர் தூக்கத்தில் என் பக்கம் உருண்டு வருவதும், முழங்கையால் இடித்துவிட்டுத் திரும்பிப் போவதுமாக ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்தது. வாரன்டி 10 வருடம் என்பதால் போன் போட்டேன். மெத்தைக்குக் குறுக்கே நூல் கட்டி, குழிக்குள் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். 20 மில்லிமீட்டர் காட்டியது. அட்டையில் 25 இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று போட்டிருக்கிறதாம். அந்த எழுத்தைப் படிக்க அப்பாவின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. இன்னொன்று, ஆள் எழுந்த பிறகுதான் அளக்க வேண்டும். ஆள் படுத்திருக்கும்போது அது குழியே இல்லை, கிணறு.

கோபத்தில் கவரின் ஜிப்பைத் திறந்தேன். "6 இஞ்ச் மெமரி ஃபோம் மெத்தை"யில் மெமரி ஃபோம் மேலே 1 இஞ்ச்தான். கீழே 5 இஞ்ச் வெள்ளைச் சாதா பியூ (பாலியூரித்தேன்) ஃபோம். விளம்பரத்தில் அதற்கு 40 டென்சிட்டி என்று போட்டிருந்தது. என் மகன் கவர் இல்லாத மெத்தையைச் சுருட்டிக் கட்டிப்பிடித்தபடி எடை பார்க்கும் மெஷினில் ஏறினான். அவன் எடையைக் கழித்தால் மெத்தை 13 கிலோ 500.

இங்கேதான் கணக்கு. டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது, அவ்வளவுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இஞ்சில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர். அதை டென்சிட்டியால் பெருக்கினால் கிலோ. எங்கள் மெத்தை 78க்கு 60. மேல் 1 இஞ்சைத் தாராளமாக 50 டென்சிட்டி என்றே வைத்தாலும் 4 கிலோ வராது. கீழ் 5 இஞ்ச் 40-ஆக இருந்தால் அது மட்டும் 15 கிலோ தாண்ட வேண்டும். எனக்கு மிஞ்சியது 10 கிலோகூட இல்லை. அதாவது சுமார் 25 டென்சிட்டி. நான் காசு கொடுத்தது ஃபோமுக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காற்று வந்திருக்கிறது.

டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு என்று யாராவது இன்ஜினியர் திருத்த வருவார். சரிதான் சார். ஒரே 40 டென்சிட்டியில் மெத்தென்றும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம். கையை அழுத்திப் பார்த்தால் தெரிவது கெட்டித்தன்மை மட்டும். எத்தனை வருடம் தாங்கும் என்பது பெரும்பாலும் உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடையில் எல்லோரும் கையைத்தான் அழுத்துகிறோம், அதனால்தான் ஏமாறுகிறோம்.

இரண்டாவது மெத்தை அப்பாவுக்காக. இடுப்பு வலி. சொந்தக்காரர்கள் எல்லோரும் "தரையில படுங்க, பலகையில படுங்க" என்றார்கள். கடைக்காரர் 4 இஞ்ச் ரீபாண்டெட் காட்டினார். வெட்டி மிஞ்சிய ஃபோம் துண்டுகளை அரைத்து, பசை போட்டு அழுத்தியது. குறுக்கே வெட்டினால் கலர் கலராகத் தெரியும். 90 டென்சிட்டி. இந்த முறை கடையிலேயே தராசில் ஏற்றச் சொன்னேன். கடைப் பையன் சிரித்தான், ஆனால் ஏற்றினான். 27 கிலோவுக்கு மேல், கணக்கு சரி. அப்பா அதில் ஒரு வாரம் படுத்தார். ஒருக்களித்துப் படுக்கிறவர், தோள் வலி சேர்ந்து வந்தது. அப்புறம் அதன்மேல் 2 இஞ்ச் லேடெக்ஸ் வாங்கிப் போட்டோம். இன்று வரை குறை இல்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் ஆராய்ச்சி ஒன்று வந்திருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 313 பேரை வைத்துப் பார்த்ததில், நல்ல கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. பலகை சிபாரிசு செய்கிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

லேடெக்ஸ் ரப்பர் பால், உள்ளே காற்று ஓடும், குழி விழுவது குறைவு. விலையும் எடையும் அதிகம். ரீபாண்டெட்டோடு சேர்ந்து 40 கிலோ. பெட்ஷீட்டைச் செருக மூலையைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. முக்கியமாக, வெயிலில் போடக் கூடாது. இலவம் பஞ்சுப் பழக்கத்தில் அப்பா மொட்டை மாடியில் காயப் போட்டுவிட்டார். மேல் பக்கம் மஞ்சள் பூத்து, தேய்த்தால் பொடி வந்தது. திருப்பிப் போட்டுவிட்டு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பழைய மெத்தையை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குப்பை வண்டி எடுக்கவில்லை, பழைய பேப்பர்காரரும் வேண்டாம் என்றுவிட்டார். மாடிப்படிக்கு அடியில் 10 நாள் வைத்ததற்கு அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் என் பிளாட் நம்பரோடு படம் போட்டார் செக்ரட்டரி. அதே படத்தில் மெத்தைக்குப் பின்னால் அவருடைய ஓடாத ஸ்கூட்டர் நிற்கிறது. 4 வருடமாக நிற்கிறது. அதற்கு ஒரு படம் இல்லை. கடைசியில் பிரெட் வெட்டும் கத்தியால் ஃபோமைத் துண்டு போட்டு, திண்டுகளாகத் தைத்து ஊருக்குக் கொடுத்துவிட்டோம்.

உங்களுக்கு: 20,000-க்குள் என்றால் மெமரியை மறந்துவிடுங்கள். 40 டென்சிட்டி ஹெச்ஆர் ஃபோம், 6 இஞ்ச், முழுக்க ஒரே ஃபோம். அழுத்திக் கையை எடுத்தால் உடனே எழும்ப வேண்டும். லேடெக்ஸ் ஆசை இருந்தால் 2 இஞ்ச் பிறகு மேலே போட்டுக்கொள்ளலாம். 78க்கு 60 என்றால் கவர் இல்லாமல் 18 கிலோ வர வேண்டும். பில்லில் டென்சிட்டியை எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை.