அமெரிக்க ஏரிகள்ல படகு இறக்குறதுக்கு முன்னாடி ஏன் செக் பண்றாங்க?

சிப்பிக்காகத்தான். ஜீப்ரா மஸ்ஸல், குவாகா மஸ்ஸல்னு ரெண்டு வகை, பெருசானாலே கட்டைவிரல் நகம் சைஸ்தான் இருக்கும். சொந்த ஊரு கருங்கடல் பக்கம், கப்பல் ஆடாம நிக்க அதுக்குள்ள நிரப்புற தண்ணியோட வந்து 1980கள்ல அமெரிக்காவோட 'கிரேட் லேக்ஸ்'ங்கிற பெரிய ஏரிகள்ல குடியேறிடுச்சு, 2007ல மேற்குப் பக்கம் நெவாடாவுல இருக்குற லேக் மீட் வரைக்கும் போயிடுச்சு. குழாய்க்குள்ள கொத்துக்கொத்தா ஒட்டி அடைச்சிடும், மீன்குஞ்சு சாப்பிடுற நுண்பாசியையும் வடிகட்டித் தின்னுடும்.

இது தானா மலையேறி அடுத்த ஏரிக்குப் போகாது, நாமதான் டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போறோம். ஒரு ஸ்பூன் மோர் ஊத்தினா சட்டி பாலும் தயிராகுதுல்ல, அதே கதைதான், ஒரு பெண் சிப்பியே வருஷத்துக்கு பத்து லட்சம் முட்டை வரைக்கும் போடுமாம்!

கலிபோர்னியா-நெவாடா எல்லையில இருக்குற லேக் டாஹோ ஏரியில 2008ல இருந்து மோட்டார் படகுகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கட்டாயம். படகோட அடிப்பக்கத்தைக் கையால தடவிப் பாப்பாங்க, குட்டிச் சிப்பி இருந்தா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். தேவைப்பட்டா சுமார் 60 டிகிரி சுடுதண்ணி அடிச்சு, இன்ஜினுக்குள்ளயும் விட்டுக் கழுவுவாங்க. சுத்தமா இருந்தா படகையும் டிரெய்லரையும் சேத்து ஒரு கம்பி சீல் போடுவாங்க, அது அறுபடாம வந்தாத்தான் தண்ணியில இறக்க விடுவாங்க. கொஞ்சம் கெடுபிடிதான், ஆனா ஒருதடவை பெரிய ஏரிக்குள்ள புகுந்துட்டா வெளிய எடுக்க வழியே இல்லையே.

"என் படகு பளபளன்னு இருக்கே, எதுக்கு செக்கிங்?"னு நிறைய பேர் கேக்குறாங்க, ஆனா இந்தச் சிப்பியோட லார்வா, அதாவது முட்டையில இருந்து வர்ற குஞ்சு, கண்ணுக்கே தெரியாது, இன்ஜின்ல தேங்கின கொஞ்சூண்டு தண்ணியே அதுக்குப் போதும்.