கப்பல் பேச்சும் மூக்கொலிக் குரல்களும்: ராயபுரம் நண்பருக்கு

சிற்றலை வானொலிப் பெட்டியை மொட்டைமாடியில் வைத்தும் துறைமுகக் கப்பல்கள் கேட்கவில்லை, 7 மெகாஹெர்ட்ஸில் மூக்கால் பேசும் முனகல்தான் வருகிறது என்கிறீர்கள். இவை இரண்டு தனிச் சிக்கல்கள், ஐயா.

கரையருகே நிற்கும் கப்பல்கள் வி.எச்.எஃப். என்னும் மிகை அதிர்வெண் அலைவரிசையில் எஃப்.எம். முறையில் பேசுகின்றன. அழைப்புக்கு 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். 30 மெகாஹெர்ட்ஸோடு முடியும் உங்கள் பெட்டியை விடிய விடியத் திருகினாலும் அது வராது.

முனகலோ நல்ல செய்தி! அது ஹாம் நண்பர்களின், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோரின், எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) பேச்சு. குரலைச் சுமக்கும் ஊர்தி அலையையும், அதன் இருபுறமும் அமையும் பக்கப்பட்டைகளில் ஒன்றையும் நீக்கிவிட்டு அனுப்புவதால், வழக்கமான ஒலிபரப்புக்கான ஏ.எம். நிலையில் குரல் புரியாது. எஸ்.எஸ்.பி. பொத்தானை அழுத்தி, 7 மெகாஹெர்ட்ஸுக்கு எல்.எஸ்.பி. (கீழ்ப் பக்கப்பட்டை), 14க்கு யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) வைத்து, நுண்திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். குரல் சட்டென்று மனிதக் குரலாகும். பெட்டியில் அந்தப் பொத்தானே இல்லையென்றால் வேறு பெட்டிதான் வாங்க வேண்டும், சுற்றிவளைப்பானேன்?

நடுக்கடல் கப்பல்களுக்கும் யு.எஸ்.பி.தான். 8291 கிலோஹெர்ட்ஸ் ஆபத்துக்கால அழைப்புக்கானது. அங்கே பெரும்பாலும் அமைதிதான், அப்படி இருப்பதே நல்லது.

இரைச்சல் குறைய, எல்.இ.டி. விளக்குகளையும் சார்ஜர்களையும் அணைத்து, பெட்டியை பேட்டரியில் ஓட்டுங்கள். ஆன்டெனாவுக்குப் பத்து மீட்டர் உறையிட்ட செம்புக் கம்பி போதும். மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். கடற்காற்றில் இணைப்புகள் பச்சை பூக்கும், அவ்வப்போது சுரண்டிவிடுங்கள். இடி மின்னல் என்றால் கம்பியை முதலில் கழற்றுங்கள்.