இரவுகளாகக் கொடுக்கும் கூலி

வணக்கம் சார்,

பெரிய தொலைநோக்கிகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. தொலைநோக்கியைக் கட்டி முடித்தபிறகும் புதிய கருவிகளுக்காகப் பணம் திரட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். நான் தணிக்கை வேலை பார்க்கிறவன். ஒரு திட்டத்தை முடித்துக் கணக்கை மூடியபிறகு, ‘இதைப் பயன்படுத்த இன்னும் சில கோடி வேண்டும்’ என்று யாராவது வந்து நின்றால், முதல் மதிப்பீடே தவறு என்றுதான் நாங்கள் எழுதுவோம். இவ்வளவு பெரிய ஆடியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அதனோடு என்னென்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரியாதா?

இன்னொன்று. கருவியைச் செய்துகொடுக்கும் குழுவுக்கு நூற்றுக்கணக்கான இரவுகளை ஒதுக்கித் தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். பல நாட்டு மக்களின் வரிப்பணத்தில் கட்டிய தொலைநோக்கியில் சிலருக்கு மட்டும் முன்வரிசையா? வேலை செய்தவருக்குக் காசு கொடுத்தோம், அனுப்பினோம் என்று இருக்க வேண்டாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் இரண்டாவது கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதல் கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை.

ஆடி செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஒளியை அள்ளி ஓரிடத்தில் குவிப்பது. குவிந்த ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பது, அளப்பது, பதிவுசெய்வது எல்லாம் பின்னால் பொருத்தியிருக்கும் கருவியின் பாடு. பாலோமர் மலையின் 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கி 1949-இல் வானத்தைப் படமெடுக்க ஆரம்பித்தபோது கையில் இருந்தது ஒளிப்படத் தகடு. அதன்மேல் விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றிரண்டுதான் தடம் பதிக்கும். மிச்சமெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகள் பயணம் செய்து வந்து வீணாய்ப் போனவை. பிறகு சிசிடி என்ற மின்னணு ஒளியுணரி வந்தது. இன்றைய சிசிடிகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பதிவாகிவிடுகின்றன. இதே பலனை ஆடியைப் பெரிதாக்கி அடைய வேண்டும் என்றால் எவ்வளவு ஆகும்? கணக்கு உங்களுக்குப் பழக்கம்தானே. ஒளி ஏறக்குறைய ஐம்பது மடங்கு வேண்டும். பரப்பு ஐம்பது மடங்கு என்றால் விட்டம் ஏழு மடங்கு, அதாவது 35 மீட்டர். அந்த அளவில் ஓர் ஆடி இன்னும் எங்கும் இயங்கவில்லை. சிலியில் 39 மீட்டரில் ஒன்றை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாலோமரில் அந்தப் பழைய ஆடி ஓர் அங்குலம்கூட வளரவில்லை.

சரி, இதையெல்லாம் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாதா? முடியாது. ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம், சிலியின் பரனால் மலையில் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளைக் கட்ட ஒப்புதல் பெற்றது 1987-இல். அப்போது சூரியனைப் போன்ற வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 1995-இல் கண்டுபிடித்தார்கள், அதுவும் பிரான்சில் இருந்த 1.93 மீட்டர் தொலைநோக்கியை வைத்து. ஹவாயின் 10 மீட்டர் கெக் தொலைநோக்கி அதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. ஆனால் எலோடி என்ற புதிய நிறமாலைமானி, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி, இருந்தது அந்தச் சின்னத் தொலைநோக்கியில்தான். 2019-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கோள் இழுக்கும்போது விண்மீன் லேசாகத் தள்ளாடும், அந்த வேகத்தைத்தான் இந்தக் கருவிகள் அளக்கின்றன. பூமியின் இழுப்பில் சூரியன் தள்ளாடுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர்; ஓர் எறும்போடு போட்டி போடலாம். அந்த நுட்பத்தைக் குறிவைத்துச் செய்த எஸ்பிரெசோ என்ற கருவி 2017-இல் பரனாலுக்கு வந்தது. 1987 மதிப்பீட்டில் அதை யார் எழுதியிருக்க முடியும்? எழுதியிருந்தால் காபிச் செலவு என்று நீங்களே அடித்திருப்பீர்கள்.

பெயர் தெரியாத கருவிகளுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தலைப்பில் பணம் ஒதுக்கிவைக்கலாம். பரனாலில் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. அந்தத் தலைப்பு இல்லாத இடங்களில் ஒவ்வொரு கருவிக்கும் முதலிலிருந்து கையேந்த வேண்டியிருக்கிறது.

அரிசோனாவின் கிட் பீக் மலையில் இருக்கும் மேயால் தொலைநோக்கியின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 4 மீட்டர் ஆடி, 1973-ஆம் ஆண்டு சரக்கு. 2012-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை அமைத்த குழு, உங்களைப் போன்றவர்கள் செய்கிற வேலையைச் செய்தது: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது என்று பார்த்து, மேயாலுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அந்தத் தொலைநோக்கியில்தான் பிறகு டெசி என்ற கருவியைப் பொருத்தினார்கள். 5,000 குட்டி ரோபோக்கள், ஒவ்வொன்றும் ஓர் ஒளியிழையைப் பிடித்து ஒரு விண்மீன் மண்டலத்துக்கு நேராக நிறுத்தும். 2021-இல் ஆய்வு தொடங்கியது. பிரபஞ்சம் விரிவதை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் மாறாத ஒன்று என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அது காலப்போக்கில் மாறுகிறதோ என்ற ஐயத்தை 2024-லும் 2025-லும் வந்த டெசி முடிவுகள் கிளப்பிவிட்டன. பணத்தில் பெரும்பங்கு கொடுத்தது அமெரிக்க எரிசக்தித் துறை. வானியலுக்கென்று இருக்கிற துறையல்ல, ஆனால் துகள் இயற்பியலுக்குக் காலம்காலமாகச் செலவழிக்கிற துறை. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கத் தெரிந்தால் வேறு வாசல் திறக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரே ஆய்வுக்காகத் தொலைநோக்கியை ஏறக்குறைய முழுதாகக் கொடுத்துவிட்டதால், அதில் இரண்டு மூன்று இரவு கேட்டு வாங்கி வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

கருவிகளின் விலை ஏன் இப்படி ஏறுகிறது? காற்றின் நடுக்கம் விண்மீனின் பிம்பத்தைக் கலைக்கிறது. அந்தக் கலங்கலோடு அதே நுட்பத்தில் அளக்க வேண்டும் என்றால், ஆடி இரண்டு மடங்கு பெரிதாகும்போது நிறமாலைமானியும் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக வேண்டும். கன அளவு எட்டு மடங்கு. அத்தோடு, செய்வது ஒன்றே ஒன்று. அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கொடையாளர்களைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆடிக்கும் கட்டடத்துக்கும் பெரும்பணம் கொடுக்க ஆள் கிடைத்துவிடுகிறார்கள். பாலோமருக்கு ராக்ஃபெல்லர் பணம் வந்தது. கெக் தொலைநோக்கிகளுக்கு, பணம் கொடுத்த அறக்கட்டளையின் பெயரே நிலைத்துவிட்டது. கருவிகளுக்கோ எழுத்துகளைச் சேர்த்து முறுக்கிய பெயர்கள். எந்தப் பணக்காரருக்கு மோஸ்ஃபயர் என்ற கருவியின் மேல் ஆசை வரும்? ஆனால் வந்திருக்கிறது. கெக்கில் 2012-இல் பொருத்திய அந்தக் கருவிக்கு கார்டன் மூரும் பெட்டி மூரும் பணம் கொடுத்தார்கள்.

எனக்குப் பெரிய வீணடிப்பாகப் படுவது வேறொன்று. பரனாலில் இருக்கும் மியூஸ் என்ற கருவி 2001-இல் ஒரு யோசனையாகக் கிளம்பி 2014-இல்தான் முதல் ஒளியைக் கண்டது. ஆராய்ச்சி மானியங்கள் பொதுவாக மூன்று வருடம், ஐந்து வருடம் என்று வருகின்றன. நடுவில் பணம் நின்றால் ஒளியியல் பொறியாளரும் மென்பொருள் எழுதுகிறவரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் திரும்புவது அபூர்வம். சுழிக்குக் கீழே நூறு பாகைக்கும் அதிகமான குளிரில் ஒரு சக்கரம் ஏன் சிக்கிக்கொள்கிறது என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது, அவர் கையில்தான் இருக்கும். அடுத்த கருவிக்குப் பணம் வரும்போது புதிதாய் ஒருவர் வந்து அதே தவறை மறுபடி செய்து கற்றுக்கொள்வார். இது எந்தத் தணிக்கை அறிக்கையிலாவது செலவாக வந்திருக்கிறதா? நான் பார்த்ததில்லை.

இப்போது இரவுகள். பரனால் ஏற்பாடு இது: கருவிக்கான பொருள்களுக்கு வானாய்வகம் பணம் கொடுக்கும். பல நாட்டு ஆய்வு நிறுவனங்கள் கூட்டாகச் சேர்ந்து உழைப்பைக் கொடுக்கும். அவர்களுடைய பொறியாளர்களின் சம்பளத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு ஈடாகத் தருவது தொலைநோக்கி நேரம். எஸ்பிரெசோ குழுவுக்குக் கிடைத்தது 273 இரவுகள். பத்து வருட உழைப்புக்குச் சம்பளப் பட்டியல் போட்டுப் பாருங்கள், அதைக் காசாகக் கொடுக்க வேண்டியிருந்தால் பாதிக் கருவிகள் பிறந்தே இருக்காது. அவர்கள் எடுக்கும் தரவும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது.

இதையே தலைகீழாகச் செய்தவர்களும் உண்டு. கெக் போன்ற தனியார் தொலைநோக்கிகளின் கருவிகளுக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை ஒரு திட்டத்தின் வழியாகப் பணம் கொடுத்து, பதிலுக்கு அங்கே நேரமே இல்லாத வானியலாளர்களுக்காக இரவுகளை வாங்கியது. மோஸ்ஃபயருக்கு மூர் தம்பதியின் பணத்தோடு அந்தப் பணமும் சேர்ந்தது. ஆக, முன்வரிசையைத் தருவதற்கும் இரவுதான் நாணயம், உடைப்பதற்கும் அதுதான்.

உங்கள் பாதி நியாயத்துக்கு வருகிறேன். பரனால் ஏற்பாட்டில் உள்ளே வர வேண்டும் என்றால், சம்பளத்தில் பொறியாளர்களும் சொந்தப் பட்டறையும் தூசியில்லாத அறையும் வைத்திருக்கிற நிறுவனமாக இருக்க வேண்டும். நல்ல கேள்வி மட்டும் வைத்திருக்கிற சின்னப் பல்கலைக்கழகம் கூலியாக இரவு வாங்கவே முடியாது. அதோடு, கருவி செய்த குழு தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட வான்பொருள்களை, அதே நோக்கத்துக்காக மற்றவர்கள் கேட்கவும் முடியாது. இருக்கிற விண்மீன்களில் நல்லவற்றை முதலில் பொறுக்கிக்கொள்வது போலத்தான். இந்தப் பட்டியல்களைச் சிறியதாக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. பரனாலின் ஒவ்வொரு பெரிய தொலைநோக்கியிலும் நேராகக் கருவி பொருத்த மூன்று இடங்கள்தான். எனவே புதியது வர வேண்டுமானால் பழையது ஒன்று இறங்க வேண்டும். அங்கே நாக்கோ என்றொரு கருவி இருந்தது. வேற்றுக் கோள் ஒன்றை முதன்முதலாகப் படமெடுத்தது அதுதான், 2004-இல், விண்மீனாகும் அளவுக்குப் பருமன் சேராத ஒரு பழுப்புக் குறுமீனுக்கு அருகில். நம் பால்வீதியின் மையத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விண்மீன்கள் சுற்றுவதை ரைன்ஹார்ட் கென்செல் குழு பல வருடம் பின்தொடர்ந்ததும் அதை வைத்துத்தான். 2019 அக்டோபரில் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். 2020 அக்டோபரில், அந்த வேலைக்காகக் கென்செலுக்கும், கெக்கில் அதையே செய்த ஆண்ட்ரியா கெஸ்ஸுக்கும் நோபல் பரிசை அறிவித்தபோது, நாக்கோ உங்கள் பேரேட்டில் கழித்துக்கட்டப்பட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும்.

அன்புடன்.