சரமாகோவை எழுபதாம் பக்கத்தில் மூடி வைத்தவருக்கு

போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோவின் 'டெத் வித் இன்டரப்ஷன்ஸ்' நாவலில் எழுபது பக்கம் தாண்டியும் கதாநாயகன் வரவில்லை, யார் பேசுகிறார் என்றே புரியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

பேச்சுக் குழப்பம் சுலபம். சரமாகோ மேற்கோள்குறி போடமாட்டார். காற்புள்ளிக்குப் பிறகு பெரிய எழுத்து (கேப்பிடல்) வந்தால் பெரும்பாலும் ஆள் மாறிவிட்டார் என்று அர்த்தம். வாய்விட்டு நாலு பக்கம் படியுங்கள், பழகிவிடும்.

கதாநாயகன் விஷயம் வேறு. முதல் பாதிக்கு அப்படி ஒருவர் கிடையாது, கதை நடக்கும் நாடேதான் பாத்திரம். புத்தாண்டு பிறந்ததும் சாவு நின்றுவிடுகிறது. நோயும் முதுமையும் நிற்கவில்லை. சவ அடக்கம் செய்பவர்கள் பிழைப்புப் போய் அரசிடம் முறையிடுகிறார்கள், சாவில்லாமல் உயிர்த்தெழுதல் ஏது என்று திருச்சபை கலங்குகிறது. காப்பீட்டுக்காரர்கள் எண்பது வயதானவரை இறந்தவராகக் கணக்கெழுதும் இடம் அசல் சரமாகோ குசும்பு!

அந்த விவசாயக் குடும்பத்தைக் கடந்துவிட்டீர்களா? இழுத்துக்கொண்டு கிடக்கும் தாத்தாவையும் பிழைக்காத கைக்குழந்தையையும் இரவோடு இரவாகக் கோவேறு கழுதை வண்டியில் ஏற்றி எல்லை தாண்டுகிறார்கள். அப்பால் சாவு வழக்கம்போல வேலை செய்கிறது. கிண்டலாகப் போகும் புத்தகம் அங்கேதான் கனக்கிறது. அடுத்து, இப்படி ஆட்களை எல்லை கடத்தும் மாஃபியாவும் அரசும் நடத்தும் பேரங்கள் கொஞ்சம் இழுவை, வேகமாகப் புரட்டினாலும் குற்றமில்லை.

ஊதா நிற உறையில் ஒரு கடிதம் வரும்வரை பொறுங்கள். அப்புறம் சாவே பெண்ணாக வருகிறது, செல்லோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒருவரைத் தேடி. நீங்கள் கேட்ட கதாநாயகன் அவர்தான். முடிவைச் சொல்லமாட்டேன்.