40 வாட் அம்ப்ளிஃபயருக்கு 100 வாட், 4 ஓம் ஸ்பீக்கர் பொருந்துமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில், பின்புறம் 8 ஓம் (மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு) என்று குறிக்கப்பட்ட 40 வாட் அம்ப்ளிஃபயர் ஒன்றை வைத்திருப்பதாகவும், 100 வாட், 4 ஓம் ஸ்பீக்கர் சோடி ஒன்றைக் காட்டிய கடைக்காரர் “சின்ன அம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரை ஒன்றும் செய்யாது” என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில்.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது அது தாங்கக்கூடிய எல்லையே தவிர, அது பாடுவதற்குத் தேவையான அளவு அல்ல. ஆகவே 40 வாட்டுடன் அதை இணைப்பதில் தவறில்லை. போதாத சத்தத்தை ஈடுகட்ட வொலியூமை முழுவதும் திருப்பும்போதுதான் கேடு தொடங்குகிறது. இதை நான் பட்டே அறிந்தேன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய, பாவித்த 30 வாட் அம்ப்ளிஃபயர் ஒன்றில் நாதஸ்வரக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். தவில் தனி ஆவர்த்தனம் உச்சத்துக்குப் போகையில் அடிகள் கரகரத்தன, நான் குறைக்கவில்லை. சற்று நேரத்தில் தாளத்தின் கிண்கிணி ஒலி மட்டும் ஒரு பக்கத்தில் காணாமற்போய், நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியது. கழற்றி மல்டிமீற்றரை வைத்தபோது, தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் 6 ஓம் அளவில் காட்டியது (8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் சற்றுக் குறைவாகவே காட்டும்). உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரில் முள் அசையவே இல்லை, உள்ளே கம்பி அறுந்திருந்தது. தன் வலுவுக்கு மேல் கேட்கப்படும் அம்ப்ளிஃபயர் ஒலியலையின் உச்சிகளை வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுண்ட அலையில் உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறந்து, தலைமயிர் போன்ற கம்பி சுற்றிய ட்வீட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடுகின்றன.

இனி ஓம். அதே வொலியூமில் 4 ஓம் ஸ்பீக்கர் 8 ஓம் ஸ்பீக்கரைப்போல் இரு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதுவும் பெயரளவில்தான் 4 ஓம். சில அதிர்வெண்களில் அது 3 ஓம் வரை இறங்கலாம். 8 ஓமுக்கென அமைத்த அம்ப்ளிஃபயரின் ட்ரான்சிஸ்டர்கள் இதில் சூடேறும், பாதுகாப்பு ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் “டிக்” என்று துண்டிக்கும், அது இல்லாவிட்டால் எரியும். ஏ, பி என்ற இரு இணைப்புகளிலும் 8 ஓம் சோடிகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டாலும், பெரும்பாலான அம்ப்ளிஃபயர்களில் அவை சேர்ந்து 4 ஓமாகிவிடுவதால், நிகழ்வது இதுவே.

கடையில் எவரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய எண் உணர்திறன்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் (சத்தத்தின் அளவு) என்பது. வாட் இரட்டிப்பானால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. ஆகவே 84 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். 4 ஓம் ஸ்பீக்கர்களில் இந்த எண் பலவேளைகளில் ஒரு வாட்டுக்குப் பதிலாக 2.83 வோல்ட்டுக்குச் சொல்லப்படும். அங்கே அது உண்மையில் 2 வாட் என்பதால், 3 டெசிபலைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். டைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவருமான நம் கொழும்பு அறைகளில், 90 டெசிபல் ஸ்பீக்கரில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட்டுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

பாவித்த பொருள் வாங்குவதானால், வூஃபரைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நம் ஈரக் காற்றில் அது மக்கி உதிரும். ஜப்பான் நாட்டுப் பாவனைக்கென வந்த அம்ப்ளிஃபயர் என்றால் அது 100 வோல்ட்டுக்குரியது, நம் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது.

உங்கள் 40 வாட்டுக்கு 8 ஓம், 88 டெசிபலுக்குக் குறையாத சோடி ஒன்றைத் தேடுங்கள். அம்ப்ளிஃபயரையும் கையோடு கடைக்குக் கொண்டுபோய், நீங்கள் நன்கு அறிந்த கச்சேரி ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, அம்ப்ளிஃபயரின் மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கவைக்கும் சூடு இருந்தால் அந்தச் சோடியை விட்டுவிடுங்கள்.